மலைநாட்டு வீட்டுக்கு சோலார் போடப் போறீங்களா, மொதல்ல பில்லயும் வெயிலயும் அளந்து பாருங்க

போன ரெண்டு மூணு வருஷமா எங்க பக்கம் யாரப் பாத்தாலும் இதே பேச்சு தான், சோலார் போடலாமா வேணாமா, எத்தன கிலோவாட் போடணும், மிஸ்ட்டு எறங்குற எடத்துல இதெல்லாம் வேல செய்யுமான்னு. நான் இலங்கை மலைநாட்டுல கொட்டகலை பக்கம், ஏழு பேர்ச் காணில கட்டுன சின்ன வீடு, கூரைல நாலு பேனல் இருக்கு. போடுறதுக்கு முன்னால ஒரு வருஷம் அலைஞ்சேன், நெறைய வீடியோ பாத்தேன், பாதி தமிழ்நாட்டுக்காரங்க போட்டது, மீதி கொழும்பு யாழ்ப்பாணம் பக்கத்து ஆளுங்க போட்டது, அங்க வெயில் வேற நம்ம வெயில் வேற, அங்க சொல்ற கணக்க அப்படியே இங்க கொண்டு வந்து போட்டா கடன் தான் மிஞ்சும். அதனால நம்ம மலைக்கு ஏத்த மாதிரி எத முதல்ல செய்யணும் எத அப்புறம் செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன்.

மொத வேல, கம்பெனிக்கு போன் அடிக்கிறது இல்ல, கடைசி பன்னெண்டு மாசத்து கரண்ட் பில்ல எடுத்து வரிசையா வைங்க. ரூபாய பாக்காதீங்க, யூனிட்ட பாருங்க. ஏன்னா ரேட் அடிக்கடி மாறுது, 2022 ஆகஸ்ட்ல ஏத்துனாங்க, 2023 பெப்ரவரில மறுபடி ஏத்துனாங்க, அதுக்கப்புறம் ஏறியும் இருக்கு எறங்கியும் இருக்கு, ஆனா வீட்டு பில் போடுற முறை மட்டும் படி படியா தான் இருக்கு. 30 யூனிட் வரைக்கும் ஒரு ரேட், 60 வரைக்கும் ஒண்ணு, 60அ தாண்டிட்டா கணக்கே வேற, அப்புறம் 90, 120, 180னு ஒவ்வொரு படி தாண்டும்போதும் யூனிட் வெலையும் ஏறும் மாசாந்த நிலைக் கட்டணமும் ஏறும். 60அ தாண்டுன வீட்டுக்கு மொத 60 யூனிட்டுமே கூடுன வெலைல தான் வரும், இத நெறைய பேர் கவனிக்கிறதே இல்ல.

இதுல இருந்து ரெண்டு விஷயம் வெளங்கும். மாசம் 60, 70 யூனிட் தான் எரிக்கிறீங்கன்னா லட்சக்கணக்குல கடன் வாங்கி சோலார் போடாதீங்க, தயவுசெஞ்சு போடாதீங்க, ரெண்டு பல்ப மாத்தி பழைய ஃப்ரிஜ்ஜ மாத்துனாலே 60க்கு கீழ வந்துருவீங்க. ஆனா 180க்கு மேல போற வீடுன்னா நெலம வேற, சோலார் உங்க பில்லுல மேல் படிய தான் மொதல்ல வெட்டும், அதாவது ஆகக் கூடுன வெலை யூனிட் தான் மொதல்ல போகும். அதனால எவ்வளவு மிச்சமாகும்னு பாக்க, மொத்த பில்ல யூனிட்டால வகுத்து சராசரி எடுத்து பெருக்காதீங்க, படி படியா கழிச்சுப் பாருங்க. இப்ப 210 யூனிட் வருது, அது 60 ஆனா பில் எவ்வளவு ஆகும்னு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வெளியிட்ட நடப்பு ரேட்ட வச்சு ஒரு தாள்ல போட்டுப் பாருங்க, பத்து நிமிஷ வேல தான்.

அடுத்தது சுடுதண்ணி. நம்ம மலைல பில்ல ஏத்துறது டிவியோ லைட்டோ இல்லங்க, பாத்ரூம்ல இருக்க ஹீட்டர் தான். ஷவர்ல பூட்டுற இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒண்ணு சாதாரணமா மூணு கிலோவாட்ல இருந்து அஞ்சு கிலோவாட் வரைக்கும் இழுக்கும். நாலர கிலோவாட்னு வைங்க, ஒராள் பத்து நிமிஷம் குளிச்சா முக்கா யூனிட், நாலு பேர்னா மூணு யூனிட், மாசத்துக்கு 90 யூனிட். குளிக்கிறதுக்கு மட்டும்! அதுவும் காலைல அஞ்சரை ஆறு மணிக்கு, பிள்ளைங்க ஸ்கூலுக்கு கெளம்புற நேரம், பேனல்ல வெளிச்சம் படுறதுக்கு முன்னாடியே அந்த கரண்ட் போயிடுது.

அதனால எங்க வீட்டுல நான் மொதல்ல செஞ்சது சோலார் பேனல் இல்ல, கூரைல சூரிய சுடுதண்ணி டாங்கி. கண்ணாடிக் குழாய் வச்சது ஒண்ணு, தட்டையா கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு விதம் இருக்கு, குளிர் எடத்துக்கு வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வச்சது நல்லா நிக்குது, ஏன்னா புடிச்ச சூட்ட வெளிக் காத்துக்கு விடாது. நுவரெலியா பக்கம் ஜனவரில புல்லு மேல வெள்ளையா உறைபனி படியுற எடத்துல இருக்கவங்க தட்டை வகை வாங்குனா உறைஞ்சு வெடிக்காத மாதிரி உள்ளுக்கு சுத்துற திரவம் வேறயா இருக்க மாடல் தான் கேட்டு வாங்கணும். மழை மாசத்துல சுடுதண்ணி பத்தாது தான், அப்போ உள்ள இருக்க கரண்ட் கம்பிய அர மணித்தியாலம் போட்டுக்கிறோம். இத மட்டும் செஞ்ச பிறகு எங்க பில் 230 யூனிட் கிட்ட இருந்து 170 கிட்ட வந்துச்சு. அப்படி எறக்குன யூனிட்டுக்கு தான் பேனல் கணக்குப் போடணும், முன்னாடி இருந்த 230க்கு போட்டா தேவையில்லாம ஒரு பேனல் காசு கூட கட்டுவீங்க.

இப்ப வெயிலுக்கு வருவோம், இதுல தான் நம்ம ஆளுங்க அதிகமா ஏமாந்து போறாங்க. மலைநாடுன்னு ஒரே பேரு, ஆனா ரெண்டு வானிலை. ஹட்டன், வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் மேற்குச் சரிவு, தென்மேல் பருவக்காத்து மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் நேரா மோதுற எடம், ஜூன் ஜூலைல நாள் கணக்குல சூரியனையே பாக்க மாட்டோம். அதே ஜூலைல பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை, பதுளை பக்கம் போனா காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், வானம் மட்டும் வெட்டவெளியா இருக்கும், அவங்களுக்கு மழை நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வடகீழ் பருவக்காத்துல தான். பண்டாரவளைல இருக்க என் மச்சான் சொல்ற மாச யூனிட்டும் என் மாச யூனிட்டும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழா இருக்கும், எனக்கு கொறையுறப்போ அவனுக்கு கூடும். அதனால விக்கிற ஆள் "ஒரு கிலோவாட்டுக்கு மாசம் 120 யூனிட் கட்டாயம் வரும்"னு சொன்னா, எந்த ஊர்ல, எந்த மாசத்துலன்னு திருப்பிக் கேளுங்க. எங்க கூரைல ஒரு கிலோவாட்டுக்கு பெப்ரவரி மார்ச்சுல 110 கிட்ட வருது, ஜூலைல 60 சொச்சம் தான், வருஷத்த கூட்டிப் பாத்தா மாசம் 90 கிட்ட நிக்குது. குளோபல் சோலார் அட்லஸ்னு உலக வங்கியோட இலவச மேப் ஒண்ணு இணையத்துல இருக்கு, உங்க வீடு இருக்க எடத்த தொட்டா வருஷத்துக்கு எவ்வளவு வரும்னு மதிப்பீடு காட்டும், கம்பெனிக்காரர் சொல்றத அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

மேப் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்க கூரைய உங்க கண்ணு தான் பாக்கணும். மலைக்குப் பின்னால சூரியன் எத்தன மணிக்கு ஏறுது எத்தன மணிக்கு மறையுதுங்கறத எந்த மேப்பும் சரியா காட்டாது, பள்ளத்துல இருக்க வீட்டுக்கு எட்டரைக்கு தான் வெயில் வரும், மேட்டு வீட்டுக்கு ஆறரைக்கே வந்துரும். நான் ஒரு பழைய சிஆர் கொப்பில மூணு மாசம் எழுதி வச்சேன், ஏழு மணி, ஒம்போது, பதினொண்ணு, ஒண்ணு, மூணு, அஞ்சு, அந்தந்த நேரம் கூரைல வெயில் விழுதா, மேகமா, மிஸ்ட்டான்னு ஒரு எழுத்து, வெ, மே, மி. லீவு நாள்ல நானே எழுதுவேன், மத்த நாள்ல அம்மா வாசல்ல நின்னு பாத்து எழுதி வைப்பாங்க. மூணு மாசம் முடிஞ்சு அந்த கொப்பிய பொரட்டிப் பாத்தா இடது பக்கம் முழுக்க வெ, வலது பக்கம் முழுக்க மி. அதாவது காலைல பளிச்சுன்னு இருக்கு, பகல் ஒரு மணி ரெண்டு மணிக்கு மேல மிஸ்ட்டு ஏறிடுது இல்லாட்டி இடியோட மழை வந்துருது. மலைல வாழுற நமக்கு இது பொறந்ததுல இருந்து தெரிஞ்சது தான், துணி காயப்போடுற ஆளுக்கு தெரியாததா, ஆனா பேனல் போடுறப்போ மட்டும் மறந்துர்றோம்.

இதனால தான் சொல்றேன், உங்க கூரைக்கு கெழக்க பாத்த சரிவு இருந்தா அத விட்றாதீங்க. நாம நிலநடுக்கோட்டுல இருந்து ஏழு பாகை வடக்க தான் இருக்கோம், சூரியன் ஏப்ரல் ஆரம்பத்துலயும் செப்டம்பர் ஆரம்பத்துலயும் உச்சிக்கு நேர வரும், அந்த ரெண்டுக்கும் நடுவுல வடக்கு பக்கம் சாஞ்சு நிக்கும், மத்த மாசம் தெக்க. அதனால "தெக்க பாத்தா தான் சரி"ங்கற பேச்சு ஐரோப்பாவுக்கும் வட இந்தியாவுக்கும் பொருந்துற அளவுக்கு நமக்கு பொருந்தாது. சரிவு பத்து பாகை பன்னெண்டு பாகைனு கொறைவா இருந்தா எந்தத் திசையா இருந்தாலும் பெரிய நட்டம் இல்ல, நம்ம ஊர்ல காலை வெயில புடிக்கிறது தான் முக்கியம். பத்து பாகைக்கு கீழ மட்டும் படுக்கப் போடாதீங்க, தண்ணி வழியாம தேங்கி அடி ஓரத்துல பாசி புடிக்கும்.

நெழல் பத்தியும் சொல்லணும். பேனல்கள் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து மாலை மாதிரி தான் இணைச்சிருக்கும், ஒரு பேனல்ல நெழல் விழுந்தா மத்ததையும் சேத்து இழுக்கும். வீட்டுக்குப் பக்கத்துல இருக்க சவுக்கு மரம், டர்பன்டைன் மரம், டிஷ் அன்டெனா, அடுப்பு புகைப்போக்கி, தண்ணி டாங்கி எல்லாம் பாருங்க. சாக்குக்கட்டியும் கையுமா ஏணில ஏறி ஒம்போது மணிக்கு நெழல் எங்க நிக்குது, பன்னெண்டுக்கு எங்க, மூணுக்கு எங்கன்னு தகரத்து மேல கோடு போடுங்க, கோடு படாத எடம் தான் உங்க எடம். தோட்டத்து மரம்னா நீங்களா வெட்ட முடியாது, தோட்ட ஆபீஸ்ல எழுத்துல கேட்டு கிளைய மட்டும் கழிக்கலாம், அதையும் பேனல் வாங்குறதுக்கு முன்னால கேட்டு முடிச்சுருங்க. நெழல தவிர்க்கவே முடியாதுன்னா, ஒரு பேனல் நெழல் மத்த பேனல இழுக்காம இருக்க பேனலுக்கு ஒண்ணா பூட்டுற ஆப்டிமைசரோ மைக்ரோ இன்வர்ட்டரோ பத்தி விசாரிங்க, வெலை கூட தான்.

நமக்கு நல்லதும் ஒண்ணு இருக்கு. பேனலுக்கு வெளிச்சம் வேணும், சூடு வேணாம். பேனலோட வாட் கணக்க 25 பாகை சூட்டுல தான் போட்டிருப்பாங்க, அதுக்கு மேல ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட நூத்துக்கு 0.35, 0.4 அளவு கொறையும், கீழ் நாட்டுல கூரை தகிச்சு பேனல் அறுபது பாகைக்கு மேல போகும், நம்ம குளிர் காத்துல அந்தளவு ஏறாது. அதனால வெயில் விழுற நேரத்துல நம்ம பேனல் நல்லாவே தரும். "குளிர் ஊர்ல சோலார் வேல செய்யாது"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, குளிரு இல்ல பிரச்சினை, மேகம் தான்.

கூரை. இத பத்தி தான் நான் கொஞ்சம் அதிகமா எழுதப் போறேன், ஏன்னா என் வீட்டுல பிழை நடந்தது இங்க தான். ஒரு பேனல் 550 வாட் சைஸ்னா ஏழர அடி நீளம், மூணே முக்கால் அடிக்குக் கொஞ்சம் கொறைய அகலம், எடை 28 கிலோ கிட்ட வரும். நாலு பேனலுக்கு 110 சதுர அடிக்கு மேல வேணும், எடையோட ஆடி மாசத்துக் காத்து கீழ இருந்து தூக்குறதையும் கூரை தாங்கணும். பேனல் தாங்குற கால்கள் தகரத்துல இல்ல, தகரத்துக்கு கீழ இருக்க ரீப்பைல தான் கடிக்கணும். எங்க வீட்டுல பூட்ட வந்த பையங்க அவசரத்துல ரெண்டு காலுக்கு ரீப்பைய தவற விட்டுட்டு வெறும் தகரத்துல ஆணிய எறக்கிட்டாங்க, மேல பாத்தா ஒண்ணும் தெரியல, ஜூன் மழை ஆரம்பிச்சதும் பிள்ளைங்க படுக்குற காம்பரால கட்டிலுக்கு நேர சொட்டுது. மூணு நாள் சட்டி வச்சு புடிச்சோம். கம்பெனிக்கு போன் போட்டா வர்றோம் வர்றோம்னு மூணு வாரம், கடைசில நம்ம ஊர்ல கூரை வேல செய்யுற பாஸ் ஒருத்தர கூட்டிட்டு வந்து நானே சீலிங்க கழட்டி உள்ள இருந்து பாத்தேன், ஆணி முனை வெளிச்சத்துல பளபளன்னு வெறும் காத்துல தொங்குது. அத கழட்டி, ஓட்டைக்கு ரப்பர் வாசரும் சிலிக்கனும் போட்டு அடைச்சு, நாலு இஞ்ச் தள்ளி ரீப்பைல மறுபடி எறக்குன பிறகு தான் நின்னுச்சு. அதனால பூட்டுற அன்னிக்கு நீங்க ஒருத்தர் கட்டாயம் லீவு போட்டு வீட்டுல நில்லுங்க, சீலிங்க்ல ஒரு பலகைய கழட்டி வைங்க, ஒவ்வொரு ஆணியும் மரத்துல எறங்குனத உள்ள இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. பழைய மர ரீப்பைன்னா முன்கூட்டியே கத்தி முனையால குத்திப் பாருங்க, மெத்துன்னு எறங்குனா மரம் உழுத்துருச்சு, மாத்திட்டு தான் மத்த வேல.

அஸ்பெஸ்டஸ் சீட் கூரைன்னா இன்னும் கவனம். நடுவுல கால் வச்சா ஒடைஞ்சு ஆள் கீழ வந்துருவாங்க, ஆணி வரிசை போற எடத்துல பலகை போட்டு அது மேல தான் நடக்கணும், துளை போடுறப்போ தண்ணி தெளிச்சு ஈரமாக்கி மாஸ்க் போட்டு தான் செய்யணும், அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். காசு இருந்தா பேனல் விழுற பக்கத்த மட்டுமாவது தகரத்துக்கு மாத்திட்டு போடுறது நல்லது, பேனல் இருபது வருஷத்துக்கு மேல அங்க இருக்கப் போகுது, நடுவுல சீட் வெடிச்சா எல்லாத்தையும் கழட்டணும்.

லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல இருக்கவங்க கேக்குறீங்க, எங்களால முடியாதான்னு. மனசுக்கு கஷ்டமா இருந்தாலும் உள்ளத சொல்றேன். லயம் தோட்டத்துச் சொத்து, கூரை பத்துக் காம்பராவுக்கும் பொது, அதனால தோட்ட நிர்வாகத்தோட எழுத்து மூல அனுமதி இல்லாம கூரைல ஒண்ணும் பூட்ட முடியாது, கரண்ட் கணக்கு உங்க பேர்ல இல்லன்னா ஒப்பந்தமும் போட முடியாது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கத்து தண்ணி நம்ம தோட்டங்கள முக்கிட்டு தான் நிக்குது, லக்சபான மின் நிலையம் 1950ல இருந்து ஓடுது, அந்தக் கரண்ட் கம்பி நம்ம தலைக்கு மேல போயும் நெறைய லயங்கள்ல வெகு காலம் குப்பி விளக்கு தான் எரிஞ்சுச்சு, இத எழுதுறப்போ எனக்கு அந்த நெனப்பு வராம இல்ல. லயத்துக்கு இப்போதைக்கு ஒத்து வர்றது, 100 வாட் இல்லாட்டி 150 வாட் பேனல் ஒண்ணு, சின்ன லித்தியம் பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், மூணு டிசி பல்பு, ஒரு போன் சார்ஜர். வாசல் பக்கம் இரும்புக் கம்பத்துல பேனல நிறுத்திக்கலாம், கூரைய தொட வேணாம். ஏஎல் படிக்கிற பிள்ளைக்கு கரண்ட் போன ராத்திரில வெளிச்சம் இருக்கும்.

சரி, எத்தன கிலோவாட்? கணக்கு லேசு. எறக்குன பிறகு வர்ற மாச யூனிட்ட, உங்க ஊர்ல ஒரு கிலோவாட்டுக்கு வருஷ சராசரியா வர்ற மாச யூனிட்டால வகுங்க. எங்களுக்கு 170, அத 90ஆல வகுத்தா 1.9, ஆக நாலு பேனல், 2.2 கிலோவாட். என்கிட்ட வந்த ஒரு கம்பெனி ஆள் அஞ்சு கிலோவாட் போடுங்க, கூடுறத வித்து லோன் கட்டலாம், கைக்காசே போகாதுன்னார். அந்தப் பேச்சுக்கு மயங்கிறாதீங்க. மின்சார சபை வாங்குன வெலை ஒரே மாதிரி நிக்கல. 2016ல சூரிய பல சங்கிராமயனு அரசாங்கத்தோட கூரை சோலார் திட்டம் வந்தப்போ மொத ஏழு வருஷத்துக்கு யூனிட் 22 ரூபா, அதுக்கு மேல 15.50. 2022 நெருக்கடி நேரத்துல 37 வரைக்கும் போச்சு, அப்புறம் 27க்கு எறங்குச்சு, 2025ல புதுசா சேர்றவங்களுக்கு அதுக்கும் கீழ. அதாவது விக்கிற வெலைய நம்பி சைஸ பெருசாக்குனா ரிஸ்க் உங்களது, உங்க சொந்தப் பில்ல வெட்டுற அளவுக்கு போட்டா ரிஸ்க் கொறைவு.

கரண்ட் கணக்குப் பாக்குற முறைகள்ல முக்கியமானது மூணு. நெட் மீட்டரிங்னா நீங்க குடுத்த யூனிட்ட உங்க யூனிட்டுல கழிப்பாங்க, மிஞ்சுனத அடுத்த மாசத்துக்கு வரவு வைப்பாங்க, காசு கையில வராது. நெட் அக்கவுண்டிங்னா கழிச்சது போக மிஞ்சுனதுக்கு காசு. நெட் பிளஸ்னா விளையுறது முழுக்க அவங்களுக்கு வித்துட்டு, நீங்க எரிக்கிறதுக்கு வழக்கம்போல பில் கட்டணும். பில்ல எறக்குறது தான் நோக்கம்னா, அதுவும் மாசி பங்குனில கூடி ஆடில கொறையுற நம்ம ஊருக்கு, முதல் ரெண்டுல ஒண்ணு தான் பொருத்தம்னு நான் நெனைக்கிறேன். விண்ணப்பிக்கிற அன்னிக்கு எந்த முறை தெறந்திருக்கு, வெலை என்னன்னு ஏரியா இன்ஜினியர் ஆபீஸ்ல நேர போயி கேட்டுக்கோங்க.

அடுத்த கேள்வி பேட்டரி. இத எல்லாரும் தப்பா வெளங்கிக்கிறாங்க: பேட்டரி இல்லாத, வெளி லைனோட சேத்து ஓடுற சாதாரண ஆன் கிரிட் சிஸ்டம் கரண்ட் போனா தானும் நின்னுரும், நடு மத்தியானம் வெயில் கொளுத்துனாலும் நின்னுரும். லைன்ல வேல செய்யுற ஆள் மேல உங்க கரண்ட் பாய்ஞ்சுறக் கூடாதுன்னு தான் இன்வர்ட்டர, அதாவது பேனல் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டிய, அப்படி செஞ்சிருக்காங்க. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல்ல மலை சரிஞ்சு ரோட்டையும் லைனையும் கொண்டு போனப்போ, பேனல் இருந்த வீடுங்களும் இருட்டுல தான் கெடந்துச்சு, எங்க வீடும் தான். அப்படிப்பட்ட நேரத்துக்கு வெளிச்சம் வேணும்னா பேட்டரியோடயும் சேந்து ஓடுற ஹைப்ரிட் இன்வர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேணும், செலவு நல்லா ஏறும். இப்ப காசு இல்லன்னா ஹைப்ரிட் இன்வர்ட்டர மட்டும் போட்டு பேட்டரிய பிறகு சேக்கலாம், நானும் அப்படி செஞ்சிருக்கலாம்னு இப்ப தோணுது. இன்னொண்ணு, 2025 சித்திரைப் புத்தாண்டு லீவுல நாட்டுல கரண்ட் தேவை கொறைஞ்சதால கூரை சோலார் வச்சிருக்கவங்கள பகல்ல ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லி அரசாங்கமே கேட்டுச்சு. பகல்ல நாட்டுல சோலார் கூடிப்போச்சு, ராத்திரிக்கு தான் கரண்ட் தேவை, அதனால வரவர பேட்டரி பக்கம் தான் எல்லாம் திரும்பும்.

கம்பெனி தெரிவு செய்யுறப்போ மூணு நாலு எடத்துல கொட்டேஷன் எடுங்க. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபைல பதிஞ்ச கம்பெனியான்னு பாருங்க. கொட்டேஷன்ல பேனல் மாடல், இன்வர்ட்டர் மாடல், வயர் தடிப்பு, கூரை கால் எதால செஞ்சது, இடி தாங்கி, எர்த், எல்லாம் தனித்தனியா எழுதியிருக்கணும், மொத்தமா ஒரு வெலை மட்டும் போட்டிருந்தா திருப்பிக் குடுத்துருங்க. பேனலுக்கு 25 வருஷ வாரண்டின்னு சொல்லுவாங்க, அது விளைச்சலுக்கு, பொருளுக்கான வாரண்டி அத விட கொறைவா இருக்கலாம், ரெண்டையும் வேற வேறயா எழுதி வாங்குங்க. இன்வர்ட்டர் பத்துப் பன்னெண்டு வருஷத்துல மாத்த வேண்டி வரும், அந்தக் காசையும் இப்பவே கணக்குல சேருங்க. சர்வீசுக்கு ஆள் எங்க இருந்து வருவாங்கன்னு கேளுங்க, கண்டி, ஹட்டன், பதுளைன்னா நல்லது, கொழும்புல இருந்து தான் வரணும்னா ஒரு ஃபியூஸ் போனாலும் ரெண்டு வாரம். கூரை ஒழுகுனா எத்தன நாளைக்குள்ள வந்து பாக்கணும்னும் ஒப்பந்தத்துல எழுதிப் போடுங்க, நான் எழுதாம விட்டேன்.

கடதாசி வேலைல ஒண்ணு மறக்காதீங்க, கரண்ட் பில் இன்னும் செத்துப்போன தாத்தா பேர்லயோ காணிய வித்தவர் பேர்லயோ இருந்தா அத மொதல்ல உங்க பேருக்கு மாத்துங்க, அதுக்கே ஒரு மாசம் இழுக்கும். ஒப்பந்தம் 20 வருஷத்துக்கு, பேர் சரியா இருக்கணும். அப்புறம் விண்ணப்பம், உங்க லைனுக்கு வர்ற ட்ரான்ஸ்போமர்ல எடம் இருக்கான்னு பாப்பாங்க, அனுமதி வந்த பிறகு தான் பேனல் காசு கட்டுங்க, அதுக்கு முன்னால அட்வான்ஸ் கூட வேணாம், ட்ரான்ஸ்போமர் நெறைஞ்சிருச்சுன்னா மாசக்கணக்குல காத்திருக்கணும். தோட்டப் பக்கம் லைன் கடைசில இருக்க வீடுன்னா வோல்டேஜையும் பாக்கணும், 230க்கு மேல கீழ நூத்துக்கு ஆறு தான் அளவு, அதாவது 216ல இருந்து 244 வரைக்கும். பகல் பன்னெண்டு மணிக்கு அளந்து பாருங்க, ஏற்கனவே எகிறி நிக்குதுன்னா உங்க இன்வர்ட்டர் அடிக்கடி விழுந்து எழும்பும், அத முன்கூட்டியே ஆபீஸ்ல சொல்லி வைங்க.

இடி. ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் ஆனா நம்ம மலைல எப்படி அடிக்கும்னு சொல்லத் தேவையில்ல. பேனல் பக்கம் ஒண்ணு, வீட்டு கரண்ட் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு எஸ்பிடி, அதாவது இடி அடிச்சா எகிறுற கரண்ட எர்த்துக்கு திருப்புற கருவி, கட்டாயம், பேனல் சட்டமும் கூரைக் கம்பியும் எர்த்தோட சேரணும். பாறை நெலத்துல ஒரு எர்த் கம்பி அடிச்சா பத்தாது, ரெண்டு மூணு அடிச்சு இணைக்கணும், முடிஞ்சதும் எர்த் மீட்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா மீதிக் காச குடுக்காதீங்க. பேனல்ல இருந்து வர்ற டிசி கரண்ட் வீட்டுக் கரண்ட் மாதிரி இல்ல, வெயில் இருக்கப்போ அந்த பிளக்க கழட்டுனா நெருப்புப் பொறி நிக்காம பத்திக்கிட்டே இருக்கும், பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க, நீங்களும் தொடாதீங்க.

போட்ட பிறகு பழக்கத்த கொஞ்சம் மாத்தணும். அயன் பண்றது, துணி மெஷின், தண்ணி மோட்டார் எல்லாம் காலை ஒம்போதுல இருந்து ஒரு மணிக்குள்ள, ஹைப்ரிட் வச்சிருக்கவங்களுக்கு இது இன்னும் முக்கியம். பேனல கழுவுறதுக்கு காலைல கூரை சூடாகுறதுக்கு முன்னால, மெதுவான துணியும் வெறும் தண்ணியும் போதும், சோப்பு தூள் வேணாம். நம்ம ஈரத்துல தூசிய விட பாசி தான் எதிரி, பேனலோட கீழ் ஓரத்துல பச்சையா ஒரு கோடு மாதிரி புடிக்கும், அந்தக் கோடு கீழ் வரிசை செல்ல மூடுனா விளைச்சல் சட்டுன்னு விழும். மாரியம்மன் திருவிழாவுக்கு வீடு கழுவுறப்போ ஒரு தடவ, மழை முடிஞ்சு செப்டம்பர்ல ஒரு தடவ நான் கழுவுறேன். அணில், எலி வயர கடிக்கும், குருவி கூடு கட்டும், பேனலுக்கு அடில சுத்திவர வலை அடிச்சா நல்லது.

மொத பில் வந்ததும் மூணு நம்பர பாருங்க, இம்போர்ட் (லைன்ல இருந்து நீங்க எடுத்தது), எக்ஸ்போர்ட் (லைனுக்கு நீங்க குடுத்தது), அப்புறம் இன்வர்ட்டர்ல காட்டுற மொத்த விளைச்சல். விளைச்சல்ல இருந்து எக்ஸ்போர்ட்ட கழிச்சா வீட்டுக்குள்ளயே எரிஞ்சது வரும், அதோட இம்போர்ட்ட கூட்டுனா வீட்டு மொத்தப் பாவிப்பு வரணும். அந்தத் தொகை உங்க பழைய மாச யூனிட்டுக்கு ரொம்ப தூரமா இருந்தா மீட்டரயோ இணைப்பயோ ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. நான் அந்த சிஆர் கொப்பியோட பின் பக்கத்துல மாசா மாசம் இந்த மூணையும் இன்னும் எழுதுறேன், வெ, மே, மி எழுதுன அதே கொப்பி தான், அம்மா தான் இப்பவும் இன்வர்ட்டர் ஸ்கிரீன பாத்து சொல்றது.